நம்பத் தகுந்தவர் என்பதற்கான சான்றிதழ்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று முதல் ஒருவரை இன்னொருவர் தன் இஷ்டத்துக்கு நம்புவது செல்லாது. சமூக ஊடக விற்பனைத் தொழிலில் யாரை நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம், எத்தனை ஆண்டுகளுக்கு நம்பலாம் என்பதையெல்லாம் இனி சமூக ஊடக விற்பனை வல்லுநர் நம்பகத்தன்மை மன்றமே முடிவு செய்யும். மன்றத்தின் முத்திரை இல்லாதவர் உண்மையே பேசினாலும் அது தற்செயலாக நேர்ந்ததாகவே கருதப்படும்.

இந்த அறிவிப்பு மன்றத்தின் இணையப் பக்கத்தில் வெளியான அன்று எழுபதாயிரம் பேர் அதற்கு இதயக்குறி போட்டார்கள். எழுபதாயிரத்தில் மனிதர்கள் எத்தனை பேர் என்று மன்றம் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. முத்திரை இல்லாதவர்கள் கேள்வி கேட்பது மரியாதை இல்லை.

அறிவிப்பைப் படிக்காதவர்களில் கண்ணாடியக்காவும் ஒருத்தி. அவளுக்கு வேறு வேலை இருந்தது. தன் அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆறு வருஷமாக அவள்தான் எல்லாம்: கண்ணாடி துடைப்பது, கழன்ற திருகை முடுக்குவது, கடையின் இணையப் பக்கத்தில் தினம் காலை ஒன்பது மணிக்கு ஒரு படமும் ஒரு வரியும் போடுவது. வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்தான் கண்ணாடியக்கா. அவள் போடும் வரிகள் இப்படி இருக்கும்: ‘இந்த ஃப்ரேம் பார்க்க நன்றாக இருக்கும். மூக்கில் நிற்காது.’ ‘இன்று கடை பதினொரு மணிக்குத்தான். அக்காவுக்குப் பல் வலி.’ ‘நேற்று லேசானது என்று போட்ட கறுப்பு ஃப்ரேம் அவ்வளவு லேசில்லை. மன்னிக்கவும்.’

அந்தப் பக்கத்தை நானூற்றுப் பன்னிரண்டு பேர் தொடர்ந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கண்ணாடி போட்டவர்கள்.

இப்போது அக்காவுக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவாகிவிட்டது. கண்ணாடியக்காவுக்கு அதற்குப் பிறகு வேலை இல்லை. நல்ல காலமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியாக இருந்தது. இன்றைக்கு எந்த டாக்டர் வருவார், எவர் வரமாட்டார், எந்த ஜன்னலில் சீட்டு என்று ஆஸ்பத்திரியின் பக்கத்தில் தினமும் போட ஆள் வேண்டும். அவள் கைக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. ஆஸ்பத்திரி கிளார்க் அவள் கடைக் கண்ணாடியைத்தான் மூக்கில் மாட்டியிருந்தார்.

“வேலை உங்களுக்குத்தான்க்கா. ஆனா ஒரு காகிதம் வேணும். புது விதி. நம்பகத்தன்மைச் சான்றிதழ்.”

“நீங்க என்னை நம்புறீங்கதானே?”

“நான் நம்புறேன்க்கா. ஃபைல் நம்பணுமே.”

மன்றம் ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. சுவரில் பெரிய எழுத்தில் ‘நீ நீயாக இரு’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, அப்படி இருப்பதற்கான படிவம் மூன்று பிரதிகளில் அடுக்கியிருந்தது. வரவேற்பு மேசைப் பெண் கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“எத்தனை ஃபாலோயர்?”

“நானூத்திப் பன்னெண்டு.”

“ஆயிரத்துலயா?”

“இல்லம்மா, ஆளுங்க.”

அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “அவங்க என்ன பண்றாங்க? லைக் போடுறாங்களா, ஷேர் பண்றாங்களா?”

“கடைக்கு வந்து கண்ணாடி வாங்கிட்டுப் போறாங்க.”

“நானூத்திப் பன்னெண்டு பேருமா?”

“ஆமா. சில பேரு ரெண்டு.”

“அப்படின்னா அது சோஷியல் மீடியா இல்லக்கா. வெறும் வியாபாரம்.” அவள் குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. “பரவாயில்ல, சரி பண்ணிடலாம். முதல்ல படப்பிரிவு, அப்புறம் தோல்விப் பிரிவு, அப்புறம் வட்டம், கடைசியா தலைவர்.”

படப்பிரிவு அதிகாரி அவள் கொண்டுவந்திருந்த புகைப்படத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். “கேமராவைப் பார்க்கிறீங்களே! கேமராவைப் பார்க்கிறவங்களை யாரு நம்புவாங்க? படத்துக்கு வெளிய இருக்கிற எதையோ பார்த்துச் சிரிக்கணும்.”

“எதைப் பார்த்து சார்?”

“அதைச் சொல்லக் கூடாது. சொல்லிட்டா அதுல என்ன மர்மம் இருக்கு?”

கைகளைக் கட்டச் சொன்னார். அவிழ்க்கச் சொன்னார். ஒன்றை மட்டும் கட்டச் சொன்னார். ஒரு வெள்ளைப் பலகையில் மேலே ஏறும் அம்பு ஒன்றை வரைந்து, அதை அவளே வரைந்ததுபோலச் சுட்டிக்காட்டச் சொன்னார். அந்த அம்பு எதிலிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று அவள் கேட்டாள். பத்தொன்பது வருஷ சர்வீஸில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்று அதிகாரி பெருமையோடு சொன்னார். கடைசியில், அறையின் மூலையில் இருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்துச் சிரித்தபடி அவள் படம் பிடிக்கப்பட்டாள். படம் நன்றாகவே வந்திருந்தது. தீயணைப்பு உருளைதான் படத்தில் விழவில்லை.

அடுத்தது தோல்விப் பிரிவு. உள்ளே மூன்று சுவரிலும் இழுப்பறைகள். அதிகாரி கண்ணில் நீர் தேங்கியவராக, மெல்லிய குரலில் பேசினார். அது அவருடைய பதவிக்கான குரல்.

“நீங்க விழுந்த கதையைச் சொல்லுங்க.”

“நான் விழலைங்களே.”

“விழாம எப்படிம்மா எழுந்திருப்பீங்க? விழுந்து எழுந்தவங்க சொன்னாத்தான் ஜனங்க கேப்பாங்க. நேரா நின்னுட்டிருக்கிறவங்களைப் பார்த்தா சந்தேகம்தான் வரும்.”

அவள் யோசித்தாள். “ஒரு தடவை பச்சைக் கலர்ல நாப்பது ஃப்ரேம் வாங்கிட்டேன். ஒண்ணு கூடப் போகலை.”

“அப்புறம்?”

“திருப்பி அனுப்பிட்டேன். எடுத்துக்கிட்டாங்க.”

அதிகாரி கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டார். “இதுல அழுகை வராதும்மா. உங்களுக்கு நாங்களே ஒண்ணு கொடுத்துடுறோம்.” ஓர் இழுப்பறையை இழுத்தார். “இது மூணு கம்பெனி நடத்தி மூணும் மூழ்கி, ஒன்பது மாசம் பார்க் பெஞ்சுல படுத்திருந்து, ஒருநாள் ஒரு பறவையைப் பார்த்துட்டு எழுந்தது. போன வாரம் ஒருத்தர் விட்டுட்டுப் போனார். நல்ல நிலைமையில இருக்கு.”

“ஆனா இது நடக்கலையே சார்?”

“நடந்திருந்தா நீங்க மறந்திருப்பீங்க. மனசு அப்படித்தான், வலியை மறைச்சுடும்.”

அவள் அதிகமாக மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு எட்டு நாள்தான் இருந்தது. ஒரு படிவம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள். ஆறு வருஷத்தில் தனக்குத் தெரியாத ஒன்றின் கீழே அவள் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலமே தீயணைப்பு உருளையைப் பார்த்துச் சிரிக்கும் படமும் பார்க் பெஞ்சும் பறவையும் மன்றத்தின் பக்கத்தில் ஏறிவிட்டன. கீழே கடையின் பெயர் பெரிய எழுத்தில்.

பஸ் ஓட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றாமலே நின்றார். “கண்டக்டர் எங்கிட்ட துக்கம் விசாரிக்கிறான். ஒன்பது மாசம் பார்க்ல படுத்திருந்தியாமே?”

“அது சும்மா எழுதினதுங்க. சர்டிபிகேட்டுக்கு.”

“அந்த ஒன்பது மாசமும் வீட்ல சோறு போட்டது யாரு?”

“நான்தான்.”

“அதைத்தான் நானும் அவன்கிட்ட சொன்னேன். பாவம் அண்ணே, நீங்க மறைக்கிறீங்கன்னு தோள்ல தட்டிக் கொடுக்கிறான்.”

அக்கா அவரைவிட மோசம். போனில் மூக்கை உறிஞ்சினாள். “மூணு கம்பெனி வச்சிருந்தே. கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி.”

“கம்பெனியே இல்லக்கா!”

“இப்ப இல்லடி, அதான் மூழ்கிடுச்சுன்னு போட்டிருக்கே!”

மறுநாள் கடைக்கு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மடித்த போர்வை ஒன்றை மேசைமேல் வைத்தார். கம்பளிப் போர்வை. அவருடைய வீட்டில் இருந்ததிலேயே நல்லதாக இருக்கும்.

“வச்சுக்கோம்மா. திரும்ப அந்த மாதிரி ஒரு நிலைமை வந்தா சொல்லணும். எங்க வீட்டுத் திண்டாட்டம் எங்களோட, ஆனா ஒரு ரூம் இருக்கு.”

கண்ணாடியக்கா போர்வையைத் தொடவில்லை. “சார், அது உண்மை இல்லை.”

“உண்மை இல்லையா?” வாத்தியார் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். “உன் பேர்லயா?”

அவர் கோபப்படவில்லை. போர்வையை மெதுவாக எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மத்தியானம் ஒரு பெண் ஒரு ஃப்ரேமைக் கையில் எடுத்து, “இது மூக்குல நிக்கும்னு சொல்றீங்க, நிஜமாவா?” என்று கேட்டாள். ஆறு வருஷத்தில் அந்தக் கடையில் யாரும் கேட்காத வார்த்தை அது. சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள்.

ஆனாலும் வட்டத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரி இடம் அவளுக்கு வேண்டும்.

வட்டம் என்பது ஏழு நாற்காலிகள். ஏழு விண்ணப்பதாரர்கள் உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு வலது பக்கம் இருப்பவரைப் பத்து ஆண்டுகளாக அறிந்தவர் என்று எழுதித் தர வேண்டும். சுற்றி வந்ததும் ஏழு பேருக்கும் பரிந்துரை கிடைத்துவிடும். யாருக்கும் யாரையும் தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. தெரிந்தவர் பரிந்துரைத்தால் அது பாரபட்சம்.

அவளுக்கு வலது பக்கம் இருந்தவர் நாலரை மணி என்று புகழ்பெற்றவர். தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிட்டதாகப் பதிவு போட்டே பேர் வாங்கியவர். அவர் கொட்டாவியை அடக்கியபடி அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அவள் எழுதினாள்: ‘இவரை எனக்கு இருபது நிமிடமாகத் தெரியும். கேட்காமலே தண்ணீர் கொடுத்தார். தூக்கம் போதவில்லை என்று தெரிகிறது.’

வட்டத்தை மேற்பார்க்கும் அதிகாரி அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றார். “இது என்ன?”

“பரிந்துரை.”

“இருபது நிமிஷம்னு எழுதியிருக்கீங்க!”

“சரியாப் பார்த்தா இருபத்திரண்டு. திருத்திடவா?”

“அக்கா, தயவு செஞ்சு பத்து வருஷம்னு போடுங்க,” என்று நாலரை மணி காதருகே கெஞ்சினார். “நான் எழுந்திருக்கிறது எட்டு மணிக்குதான்க்கா. பதிவு தானா போயிடும். இந்த சர்டிபிகேட் இல்லன்னா எனக்குக் கல்யாணமே நடக்காது. பொண்ணு வீட்ல கேட்டிருக்காங்க.”

அதிகாரி அவளுக்குப் பதில் தானே எழுதிக்கொண்டார். அவளுக்கு இடது பக்கம் இருந்தவர் ஏற்கெனவே அவளைப் பத்து ஆண்டுகளாக அறிவதாகவும், அந்தப் பறவையை அவரும் பார்த்ததாகவும் எழுதிக் கொடுத்திருந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வழக்கம்போல, கடையின் பக்கத்தில் ஒரு படமும் ஒரு பதிவும். படத்தில் ஏழு நாற்காலிகள்.

‘ஆஸ்பத்திரி வேலைக்காக மன்றத்தில் சான்றிதழ் கேட்டிருக்கிறேன். அதற்காக நான் பார்க்கில் படுத்திருந்ததாக எழுதியதில் கையெழுத்துப் போட்டது தப்பு. நான் படுக்கவில்லை. என்னை நேற்றுத்தான் பார்த்த ஒருவர் பத்து வருஷமாகத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே எல்லோருக்கும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். போர்வை கொண்டுவந்த சாருக்கு என் மன்னிப்பு. இன்று புது ஃப்ரேம் எதுவும் வரவில்லை.’

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் படித்தார்கள். கண்ணாடி போட்டவர்களாயிற்றே, தெளிவாகப் படித்தார்கள். அவர்களில் ஒருவர் துணிக்கடை முதலாளி, ஒருவர் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, ஒருவர் மன்றத்துக்குக் கீழே டயர் விற்பவர். மத்தியானத்துக்குள் மன்றத்தின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. உங்க சர்டிபிகேட்டைக் காட்டி எங்க கடையில சேர்ந்தவனை உங்களுக்கு எப்படிப் பத்து வருஷமாத் தெரியும், அவனுக்கு வயசே இருபத்தொண்ணு என்று துணிக்கடைக்காரர் கேட்டார். அப்படியானால் பதினொரு வயதிலிருந்து தெரியும் என்று மன்றம் கணக்குச் சொன்னது.

சாயங்காலம் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

தலைவரின் அறையில் தலைவரின் படங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் அவர் படத்துக்கு வெளியே எதையோ பார்த்துச் சிரித்தார். அத்தனை சிரிப்புக்கும் நடுவே உட்கார்ந்திருந்த நிஜத் தலைவர் சிரிக்கவில்லை. அவளுடைய விண்ணப்பத்தைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, பிறகு கிட்டக் கொண்டுவந்து, மறுபடி தள்ளினார். கண்ணாடியக்காவுக்குத் தொழில் புத்தி.

“சாருக்கு வெள்ளெழுத்து. படிக்கிற கண்ணாடி போடணும்.”

“முடியாதும்மா. எழுபதாயிரம் பேர் பார்க்கிற படத்துல எனக்குக் கண்ணாடி இல்லை. இப்ப போட்டா நான் வேற ஆளுன்னு நினைப்பாங்க.” காகிதத்தை மேசையில் போட்டுவிட்டு எழுந்து உலாவினார். அறையில் இருவர்தான் என்றாலும் அரங்கத்துக்குப் பேசுவதுபோல் பேசினார்.

“நம்பிக்கைங்கிறது ஒரு கட்டடம். அதுக்கு முகப்பு கட்டித் தர்றதுதான் எங்க பணி. உள்ள வீடு இருக்கா, ஆள் இருக்கானு பார்க்கிறது எங்க வேலை இல்லை. அப்படிப் பார்க்க ஆரம்பிச்சா ஒரு நாளைக்கு நாப்பது சான்றிதழ் கொடுக்க முடியுமா? உங்களுக்கு யாரு சான்றிதழ் கொடுத்தாங்கன்னு சில பேரு எங்கிட்டயே கேக்கிறாங்க. துணைத் தலைவர் கொடுத்தார். துணைத் தலைவருக்கு யாரு கொடுத்தாங்க? நான் கொடுத்தேன். யார் தயவும் இல்லாம ஒரு நிறுவனம் சொந்தக் கால்ல நிக்கிறதுன்னா இதுதான்!”

மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். குரல் இறங்கியது.

“நாங்க எது போட்டாலும் எழுபதாயிரம் பேர் பார்க்கிறாங்க. ஒருத்தன் நம்ப மாட்டேங்கிறான். நீங்க போடுறதை நானூத்திப் பன்னெண்டு பேர் பார்க்கிறாங்க. அத்தனை பேரும் நம்பித் தொலைக்கிறாங்க. அதெப்படிம்மா? என்ன டெக்னிக்?”

“நடந்ததைப் போடுவேன் சார்.”

“சரி, சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க.” மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்தார். ஓரமெல்லாம் தங்க நிறம். “கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. அதுக்கு முன்னால மன்றத்தைப் பத்தி நல்லதா ஒரு பதிவு. இங்கயே, இப்பவே, உங்க பக்கத்துல.”

அவள் அந்தத் தங்க ஓரத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள். வீட்டில் பஸ் சம்பளம் ஒன்றுதான் இருக்கப்போகிறது. கம்பளிப் போர்வை நினைவுக்கு வந்தது. வாத்தியார் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்ட விதம் நினைவுக்கு வந்தது. போனை எடுத்தாள்.

‘மன்றத்தைப் பற்றி நல்லதாக ஒரு பதிவு போட்டால்தான் சான்றிதழ் என்று தலைவர் சொல்கிறார். நல்லது இரண்டு இருக்கிறது. மாடிப்படி சுத்தமாக இருக்கிறது. நாற்காலிகள் முதுகுக்கு வசதி. மற்றபடி காலையில் போட்டது அப்படியே இருக்கிறது. தலைவருக்குக் கண்ணாடி தேவை. கடை வெள்ளிக்கிழமை வரை உண்டு.’

போட்டுவிட்டுப் போனைத் தலைவரிடமே நீட்டினாள். கிடைக்காவிட்டால் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. தலைவர் போனைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தார். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்திருக்க வேண்டும். ஆனால் இதயக்குறிகள் சிவப்பு. எவ்வளவு தூரத்திலும் தெரியும். ஒன்று, ஐந்து, இருபது, எண்பது.

“அடடா! அடடடா! பார்த்தீங்களா, மனசு வச்சா எப்படி எழுத வருது!” தலைவர் உருகிப்போனார். அதே உருக்கத்தில் சான்றிதழில் கையெழுத்திட்டார். கையெழுத்து, பெற்றவர் பெயர் எழுத வேண்டிய கோட்டின்மேல் விழுந்தது.

வெள்ளிக்கிழமை கிளார்க் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குத்தான் நல்ல கண்ணாடி ஆயிற்றே.

“என்னக்கா, இதுல தலைவரை நம்பலாம்னு தலைவரே சொல்ற மாதிரி இருக்கு?”

“ஆமா. அப்படித்தான் ஆயிடுச்சு. வேற வாங்கிட்டு வரணுமா?”

“எதுக்கு? முத்திரை இருக்கில்ல.” துளை போட்டு ஃபைலில் கோத்துவிட்டார். “உங்க ரெண்டு பதிவையும் நான் படிச்சேன்க்கா. எனக்கு அது போதும். ஃபைலுக்கு இது போதும்.”

அன்றைக்குக் கடைசியாகக் கடையைப் பூட்டும்போது வாத்தியார் வந்து கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று வாங்கிப் போனார். நிஜமாவா என்று எதையும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியின் பக்கத்தில் அவளுடைய முதல் பதிவு வந்தது: ‘கண் டாக்டர் இன்று வரமாட்டார். நாளை வருவார். இன்று வந்து நிற்க வேண்டாம்.’

தினமும் அறுபது பேர் நிற்கும் கண் பிரிவு வரிசையில் அன்று ஒரே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மன்றத் தலைவர். பத்தரை மணி வரை நின்றார்.

அந்தப் பதிவுக்கு முதல் இதயக்குறி அவருடையதுதான்.